மூட்டையில் எழுதிய 18 வீதம்

என் தீவன மூட்டையில் ‘புரதம் 18 வீதம்’ என்று அச்சடித்திருந்தேன். அது பொய்யில்லை. எந்த ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தாலும் 18 வரும். சில தடவை கூடவும் வரும். ஆனாலும் அந்த மூட்டையை வாங்கி மாட்டுக்கு வைத்தவர்களை நான் ஏமாற்றினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஓர் அக்கா மட்டும் ஒரு தடவை நேரே வந்து கேட்டார். அவருக்கும் பொய் சொல்லி அனுப்பினேன்.

குண்டசாலைப் பக்கம் எனக்கு ஒரு சிறிய தீவனக் கொட்டகை. அரைக்கிற மெஷின், கலக்குகிற டிரம், மூட்டை தைக்கிற மெஷின், ஒரு தராசு, அவ்வளவுதான். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை என்று தோட்டத்து லயங்களில் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கிற நம் ஆட்களும், சுற்றுக் கிராமங்களின் சிங்கள, முஸ்லிம் பால்காரர்களும் என் வாடிக்கை. தோட்டச் சம்பளம் எதற்கும் போதாத வீட்டில், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கடைக் கடனும் தீபாவளி உடுப்பும் பால் காசில்தான் நடக்கும். அந்தப் பால் காசில் ஒரு பங்கு என் கல்லாவுக்கு வந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இலங்கையில் மாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் கண்டியைச் சுற்றித்தான் இருக்கிறது. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில். கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் மிருக வைத்திய பீடமும். என் கொட்டகைக்குப் பக்கத்திலேயே, குண்டசாலையில், செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம். பஸ் ஏறினால் பதில் சொல்ல ஆள் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தேன். அதற்கும் மேலே, பயிற்சி வகுப்புகளுக்குப் போனவன் நான். லைசீன், மெத்தியோனீன் என்ற பெயர்களைத் தோட்டத்து ஆட்களிடம் சொல்லியே மரியாதை சம்பாதித்தவன்.

முதலில் அந்த 18 என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் குற்றம் விளங்காது.

தீவனத்தில் புரதம் எவ்வளவு என்று ஆய்வுகூடம் நேராக அளப்பதில்லை. அதிலுள்ள நைதரசனை அளந்து, 6.25ஆல் பெருக்குகிறது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில், கால்ஸ்பெர்க் மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில் இருந்த யொஹான் கெல்டால் 1883இல் கொண்டுவந்த முறை இது. பயறு, புண்ணாக்கு, இறைச்சி எல்லாவற்றுக்கும் நல்ல முறைதான். ஆனால் நைதரசன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. வயலுக்குப் போடுகிற யூரியாவில் 46 வீதம் நைதரசன். 6.25ஆல் பெருக்கினால் 287 வீதம் ‘புரதம்’. யூரியாவில் ஒரு துளி புரதம் கிடையாது, ஆனால் கணக்கில் அப்படி வரும்.

கடைக்காரன் புத்தி இங்கேதான் வேலை செய்யும். 100 கிலோ கலவையில் புரதத்தை 3 வீதம் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் 12 கிலோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயா போட வேண்டும். இல்லையென்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே யூரியாவைப் போட்டு டிரம்மைச் சுற்றினால் போதும். ஆய்வுகூடத்தில் இரண்டும் ஒன்றுதான். கல்லாவில் ஒன்றில்லை.

சீனாவில் 2008இல் பாலில் மெலமைன் கலந்தார்களே, அதுவும் இதே ஓட்டையில் நுழைந்ததுதான். தண்ணீர் ஊற்றிய பாலில் நைதரசன் குறையும். மெலமைனில் 66 வீதம் நைதரசன். கலந்தால் கணக்கு நேராகிவிடும். ஆறு குழந்தைகள் இறந்தன, மூன்று இலட்சம் குழந்தைகள் வரை பாதிக்கப்பட்டன. அந்தச் செய்தியை வாசித்தபோது ‘பாவிகள்’ என்று நானும் திட்டினேன். யூரியா மெலமைன் இல்லை, அளவோடு கொடுத்தால் மாட்டுக்கு நஞ்சும் இல்லை. ஆனால் எண்ணைக் காப்பாற்றப் பொருளை மாற்றுகிற புத்தி இருக்கிறதே, அது அவர்களிடம் இருந்ததும் என்னிடம் இருந்ததும் ஒன்றுதான்.

யூரியா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் நினைக்கவில்லை. மாட்டின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தீவனத்துப் புரதத்தில் பெரும்பகுதியை அவை அமோனியா வரை உடைத்து, அந்த அமோனியாவிலிருந்து தங்கள் உடம்புப் புரதத்தைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அவை கீழே குடலுக்குப் போய்ச் செரிக்கின்றன. அந்த நுண்ணுயிர்ப் புரதம்தான் மாட்டுக்கு உண்மையான சாப்பாடு. நன்றாகப் பசியாறிய மாட்டில், குடலுக்குப் போய்ச் சேருகிற அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவை. லைசீன், மெத்தியோனீன் இரண்டும் அதில் பாலுக்குப் பொருத்தமான அளவிலேயே இருக்கின்றன. பின்லாந்தின் ஆர்த்தூரி விர்த்தனென், 1945இல் இரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர், 1960களில் மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீவனத்தோடு யூரியாவைக் கொடுத்துப் பால் கறந்து காட்டினார். ஆண்டுக்கு 4,000 கிலோவைத் தாண்டிய மாடும் அதில் இருந்தது. என் கொட்டகையில் யாராவது யூரியாவைப் பற்றி முகம் சுளித்தால் நான் எடுத்து வீசுகிற கதை அதுதான். சொல்லாமல் விட்டது ஒன்று: விர்த்தனென் அந்த மாடுகளுக்கு மாச்சத்தும் சீனியும் அளந்து அளந்து கொடுத்தார். நுண்ணுயிர்க்கு அமோனியா மட்டும் இருந்து பயனில்லை, அதே நேரத்தில் எரிக்க மாச்சத்தும் இருக்க வேண்டும். இலை நூறு போட்டாலும் சோறு ஐம்பது பேருக்கு இருந்தால் பந்தி ஐம்பதோடு முடியும்.

லயத்து மாட்டுக்கு அந்த மாச்சத்து எங்கே? கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கோ-3 புல் (இங்கே எல்லாரும் சீஓ-3 என்பார்கள்) ஓடைக் கரையில் வளர்கிறது. வேலை முடிந்து வந்து வெட்டுவதற்குள் அது ஆளுயரம் தாண்டி, தண்டு கரும்பு போலாகிவிடும். மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும். மிஞ்சிய பசியை என் மூட்டையில் இருந்து இரண்டு கிலோ தீர்க்க வேண்டும். அதற்குள் யூரியா. கட்டப்படாத அமோனியா இரத்தத்தில் ஏறும். ஈரல் அதைத் திரும்ப யூரியாவாக்கி மூத்திரத்திலும் பாலிலும் வெளியே தள்ளும். அந்த வேலைக்கும் மாடு தன் சக்தியைத்தான் செலவழிக்க வேண்டும். காலையில் கொட்டில் கதவைத் திறந்தால் கண் எரிகிற ஒரு வாடை வரும். அந்த வாடை என் கலவையின் புரதம். காசு கொடுத்து வாங்கியவர்கள் சிமெந்துத் தரையில் அதைக் கழுவி விட்டார்கள்.

இனி நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, ‘அமினோ’ மூட்டை. பாலின் புரதத்தைக் கட்ட இருபது வகை அமினோ அமிலம் வேண்டும். அவற்றில் ஏறத்தாழப் பாதியை மாட்டின் உடம்பு தானே செய்துகொள்ளாது. அவற்றில் எது முதலில் தீருகிறதோ அங்கே கட்டுகிற வேலை நின்றுவிடும். மிஞ்சிய மற்றவை யூரியாவாகப் போய்விடும். கறவை மாட்டில் முதலில் தீர்வது பெரும்பாலும் லைசீனும் மெத்தியோனீனும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு குறி வைத்தது: குடலில் உறிஞ்சப்படும் புரதத்தில் லைசீன் 7.2 வீதம், மெத்தியோனீன் 2.4 வீதம், மூன்றுக்கு ஒன்று. வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்கு வியாபாரம்தான் கண்ணில் தெரிந்தது.

கோழித் தீவனத்தில் சேர்க்கிற மெத்தியோனீன் தூள் கண்டியில் கிடைக்கும். வெள்ளை நிறம், கந்தக வாடை. அதில் கொஞ்சத்தைக் கலந்து, மூட்டை விலையைக் கூட்டி, ‘அமினோ’ என்று முத்திரை குத்தினேன். கோழிக்கு அது வேலை செய்யும், ஏனென்றால் கோழிக்கு முதல் வயிறு இல்லை. மாட்டுக்குப் போட்டால் நுண்ணுயிர்கள் அதையும் மற்றப் புரதம் போலவே உடைத்துவிடும். குடலுக்குப் போய்ச் சேருவது சொற்பம். அதற்காகவே கொழுப்பாலோ, நான்காம் வயிற்றின் அமிலத்தில் மட்டும் கரைகிற உறையாலோ மூடிய மெத்தியோனீனை வெளிநாட்டில் செய்கிறார்கள். அதன் விலை என் கைக்கு எட்டாது. எட்டினாலும் என் அரைக்கிற மெஷினில் போட்டால் உறை நொறுங்கிவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். வகுப்பில் கொடுத்த தாளில் இருந்தது. தாளை மடித்து மேசை லாச்சியில் வைத்துவிட்டு விற்றேன். வாங்கியவர்கள் மூட்டையை முகர்ந்து பார்த்து, மருந்து வாடை வருகிறது, நல்ல சரக்கு என்றார்கள். நான் மறுக்கவில்லை.

கேலி என்னவென்றால், வேலை செய்யக்கூடிய வழி என் கொட்டகையிலேயே இருந்தது. தேங்காய்ப் புண்ணாக்கில் லைசீன் குறைவு. சோயாவில் லைசீன் தாராளம், மெத்தியோனீன் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது தலைகீழ்: மெத்தியோனீன் நிறைய, லைசீன் குறைவு. ஒன்றின் குறையை மற்றது அடைக்கும். ஒரே புண்ணாக்கை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த நம் பெரியவர்களிடம் லைசீன் என்ற பெயர் இல்லை, கைப்பழக்கம் இருந்தது. நான் பெயரை எடுத்துக்கொண்டு பழக்கத்தை விட்டேன், ஏனென்றால் எள்ளுப் புண்ணாக்கை ‘அமினோ’ என்று விற்க முடியாது.

இரண்டாவது, யூரியா. 2018இல் ரூபா சரியச் சரிய, இறக்குமதி சோயாவின் விலை ஏறிக்கொண்டே போனது. நியாயமான ஆள் என்ன செய்திருப்பான்? விலையைக் கூட்டியிருப்பான், அல்லது 18ஐ 15 ஆக்கி, ஏன் என்று சொல்லியிருப்பான். நான் விலையையும் விடவில்லை, 18ஐயும் விடவில்லை. சோயாவைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நிறுத்தினேன், யூரியாவைக் கூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததுதான் குற்றம். யூரியா இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒருவர் கன்றுக்குட்டிக்கு அந்த மூட்டையை வைத்திருக்க மாட்டார், மற்றவர் புல்லை இளசாக வெட்டக் கொஞ்சம் பாடுபட்டிருப்பார்.

மாடுகள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பக் கத்தின. சினை ஊசி போடுகிறவர் மலை ஏறி ஏறி வந்தார். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1990களில் செய்த ஆய்வுகள், ஒரு டெசிலீற்றர் பாலில் யூரியா நைதரசன் 19 மில்லிகிராமைத் தாண்டும் மாடுகளில் சினை பிடிப்பது குறைவதைக் காட்டியிருந்தன. அதுவும் எனக்குத் தெரிந்த சங்கதி. வாடிக்கையாளர்களிடம் நான் சொன்னது வேறு: “மாடு கத்துற நேரம் பாத்து ஆளைக் கூப்பிடணும்க்கா, பிந்திக் கூப்பிட்டா எப்படி நிக்கும்?” பழியை அவர்கள் தலையிலும் ஊசிக்காரர் தலையிலும் ஏற்றிவிட்டேன். ஒரு சினை தவறினால் மூன்று வாரம் போகும், அந்த மூன்று வாரமும் தீவனச் செலவு. அந்தக் காசும் என் கல்லாவுக்குத்தான் வந்தது.

இந்தக் காலத்தில் நான் வாய் கிழியப் பேசிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவை மாடுகளைக் கொண்டுவரும் அரசாங்கத் திட்டத்தில் 2017இல் சுமார் 5,000 வந்து இறங்கின. மாடுகள் நோயில் விழுந்தன, இறந்தன, வாங்கிய பண்ணைக்காரர்கள் கடனாளியானார்கள் என்று செய்திகள் வந்து, அவுஸ்திரேலிய ஊடகங்கள் வரை போயின. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, “மாட்டுக்குச் செலவழிச்சவங்க புல்லுக்குச் செலவழிச்சாங்களா?” என்று கொட்டகைக்கு வருகிறவர்களிடம் நியாயம் கேட்டேன். பின்னால் டிரம்மில் யூரியா சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, அந்த அக்கா.

தோட்டத்து லயத்தில் இருக்கிறவர். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். ஒரே மாடு, ஒரே கேன். பால் சென்டரில் கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய திண்மத்தையும் பார்த்து விலை போடுவார்கள், தமிழ்நாட்டில் ஆவினில் போடுகிறது போலத்தான். திண்மம் என்பது பாலின் புரதம், சீனி, உப்புகள். அதை மதிப்பிட முதலில் பாலில் மிதக்கவிடுவது பால்மானி. அக்காவின் பாலில் 28இல் நின்ற மானி 27க்குக் கீழே இறங்கி, அங்கேயே நின்றது. விலை குறைந்தது. பிறகு சில நாள் பாலையே திருப்பி அனுப்பினார்கள். வரிசையில் நின்றவர்கள் முன்னால் ‘தண்ணி’ என்ற சொல் விழுந்தது.

தோட்டத்தில் ஒருவர் மேல் அந்தச் சொல் விழுந்தால் அது பாலோடு நிற்காது. சீட்டுக் கட்டுகிற இடத்தில், கோயில் கணக்கு வைக்கிற இடத்தில், மகளைப் பெண் பார்க்க வருகிற இடத்தில் எல்லாம் அந்தச் சொல் முன்னால் போய் நிற்கும்.

அவர் என் கொட்டகைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. “தம்பி, நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. தீவனத்தால இப்படி வருமா?” என்று கேட்டார்.

வரும். மாட்டுக்குச் சக்தி குறைந்தால் நுண்ணுயிர் வளர்ச்சி குறையும், குடலுக்குப் போகிற அமினோ அமிலங்கள் குறையும், பாலில் புரதம் இறங்கும். 3.2 வீதம் இருந்த புரதம் 2.9 ஆனால் போதும், பால்மானி ஒரு கோடு இறங்கிவிடும். கணக்குப் போட்டும் காட்டியிருக்கலாம்: எட்டு லீற்றர் பாலில் சுமார் 255 கிராம் புரதம், அதற்கு 20 கிராம் லைசீனும் 7 கிராம் மெத்தியோனீனும் பாலோடு வெளியேற வேண்டும். சோயாவை எடுத்துவிட்ட என் மூட்டையில் லைசீன் எங்கிருந்து வரும்? தண்ணீர் ஊற்றினார்களா இல்லையா என்று பிரித்துச் சொல்லவும் ஒரு சோதனை உண்டு. பால் உறைகிற வெப்பநிலையை அளப்பது. தண்ணீர் கலந்தால் அது பூச்சியம் பாகைப் பக்கம் நகரும். புரதம் மட்டும் குறைந்தால் அசையாது. “பாலைப் பேராதனைப் பக்கம் கொண்டுபோய் அந்தச் சோதனையைச் செய்து தரச் சொல்லிக் கேட்போம், நானும் வருகிறேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

“தீவனத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா” என்றேன். அதோடும் நிறுத்தவில்லை. “கேன் கழுவின தண்ணி கொஞ்சம் நின்னிருக்குமோ?” என்று கேட்டேன். நானும் அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்றே கேட்டேன். அப்போதுதான் அவர் மேலே கேட்க மாட்டார். அவர் கேட்கவில்லை. அந்த மாதமும் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மற்றவை எல்லாம் பேராசை. இது வேறு. கையில் இருந்த அறிவை, அதைக் கேட்டு வந்த ஆளுக்கு எதிராகவே திருப்பினேன். அமினோ அமிலம் என்ற சொல் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் அவ்வளவு எடுபட்டிருக்காது. படித்தவன் சொல்கிறான் என்றுதான் அவர் வாயை மூடிக்கொண்டார்.

திருந்தியது நானாக இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. யூரியா கடைகளில் இருந்து காணாமல் போனது. நவம்பரில் தடை தளர்ந்தாலும், அடுத்த ஆண்டு டொலர் இல்லாமல் யூரியாவும் இல்லை, சோயாவும் இல்லை, சோளமும் இல்லை. டீசலுக்கு வரிசை. என் 18 தானாக விழுந்தது. அக்கா அதற்கு முன்னமே என் மூட்டையை நிறுத்தியிருந்தார், வாங்கக் காசில்லாமல்.

சில மாதம் கழித்து ஊசி போடுகிறவர் சொன்னார், அந்த அக்காவின் மாடு ஒரே ஊசியில் நின்றுவிட்டது என்று. போய்ப் பார்த்தேன். பால் குறைந்துதான் இருந்தது. ஆனால் பால்மானி 28க்கு ஏறியிருந்தது. கொட்டிலில் கண் எரிகிற வாடை இல்லை. மாட்டுக்கு என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சீஓ-3ஐ இடுப்பளவு வளர்ந்ததும் வெட்டிவிடுகிறார், பேரன் வீட்டில் இருப்பதால். வேலியில் நிற்கிற கிளிரிசிடியாவை முதல் நாள் மாலையே ஒடித்து, ஒரு இரவு வாடவிட்டுப் போடுகிறார். பச்சையாகப் போட்டால் வாடைக்கு மாடு முகத்தைத் திருப்பும் என்றார். அந்த இலையில் உலர்ந்த எடைக்கு 20 வீதத்துக்கு மேல் புரதம். கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் தவிடு, அரிசி குருணைக் கஞ்சி. கஞ்சியின் மாச்சத்தும் இலையின் நைதரசனும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போகின்றன. விர்த்தனென் அளந்து கொடுத்ததை அவர் கையால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, எனக்குத் தெரியும். அதனால் அவருடைய பால் அட்டையைக் கேட்டு வாங்கி, என் கலவைக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொப்பியில் என் கையெழுத்தில் ‘சோயா - இல்லை’ என்று எழுதி, யூரியாவின் கிலோவை அடித்துத் திருத்திய பக்கம் இருந்தது. அட்டையில் எண் இறங்கத் தொடங்குவது அந்த மூட்டை அவர் வீட்டுக்குப் போன பிறகு. வேறு சில வீடுகளின் அட்டைகளையும் பார்த்தேன். அங்கேயும் அதே நாட்களில் சரிவு, ஆனால் சிறியது. அந்த வீடுகளில் இரண்டு மூன்று மாடு, எல்லாம் ஒரே கேனில் கலந்து போனதால் மானி பெரிதாக இறங்கவில்லை. ஒரே மாடு வைத்திருந்தவர் மட்டும் அகப்பட்டுக்கொண்டார்.

இப்போது என் மூட்டையில் கலவையை அப்படியே எழுதுகிறேன்: புண்ணாக்கு இவ்வளவு, தவிடு இவ்வளவு, யூரியா இருந்தால் எவ்வளவு, கன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்று. புரதம் 14 வீதம். சிலர் 18 எழுதிய வேறு மூட்டைக்குப் போய்விட்டார்கள். போகட்டும், அந்த எண்ணுக்கு அவர்களைப் பழக்கியது நான்தானே. அமினோ அமிலம் பற்றிக் கேட்கிறவர்களிடம் வரிசையைச் சொல்கிறேன். முதலில் தண்ணீர், கொட்டிலிலேயே, நாள் முழுக்க. அடுத்தது இளம் புல். அடுத்தது மாச்சத்து. அதற்கப்புறம் இரண்டு வகைப் புண்ணாக்கு. உறை போட்ட லைசீன், மெத்தியோனீன் எல்லாம் 20 லீற்றருக்கு மேல் கறக்கிற மாட்டுக்காரர் யோசிக்க வேண்டிய காரியம். ஆறு, எட்டு லீற்றர் கறக்கிற மாட்டில் நுண்ணுயிர்களுக்குப் பசியாற்றினாலே அமினோ அமிலக் கணக்கில் முக்கால்வாசி சரியாகிவிடும்.

கொப்பியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பால் விலையில் அவர் இழந்ததைக் கணக்குப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வாங்கிக்கொண்டார், எண்ணியும் பார்த்தார். பிறகு சொன்னார்: “காசு சரி தம்பி. தண்ணின்னு சொன்னது இங்க வச்சு இல்லியே. அங்க போய்ச் சொல்லுங்க.”

பால் சென்டருக்குப் போனேன். காலை வரிசை நேரத்திலேயே சொன்னேன். மானி பிடிக்கிற பையன் புதியவன், அவனுக்குப் பழைய கதை தெரியாது. ‘தண்ணி’ என்ற சொல் விழுந்த அன்று வரிசையில் நின்று கேட்டவர்களில் சிலர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் மாட்டை விற்றுவிட்டார்கள். அந்தச் சொல்லை அவர்கள் கூடவே கொண்டு போயிருப்பார்கள். அவர்களுக்கும் எட்டட்டும் என்று இங்கே எழுதுகிறேன்: அந்த அக்காவின் பாலில் தண்ணீர் இருந்ததே இல்லை. குறை என் மூட்டையில் இருந்தது. அவர் கேட்ட அன்றே அது எனக்குத் தெரியும்.